பழைய பார் அலமாரியும் நூற்றாண்டுக் கம்பளமும்: வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

பதிவு 1 · பழஞ்சாவி

அனைவருக்கும் வணக்கம். வீட்டுக் கூடத்தின் ஒரு பக்கத்தை, நண்பர்கள் வந்தால் அமர்ந்து பேசுவதற்கான சிறிய பார் பகுதியாக மாற்ற விரும்புகிறோம். புதிதாகச் செய்த பொருள்களைவிடப் பழையவற்றையே வைக்க வேண்டும் என்பதில் நானும் என் மனைவியும் ஒரே எண்ணத்தில் இருக்கிறோம். பல வாரங்கள் தேடியபின் மூன்று பொருள்கள் மனத்தில் நிற்கின்றன. முதலாவது, வால்நட் வெனீர் (மெல்லிய மரச்சீவல் தகடு) ஒட்டிய காக்டெய்ல் அலமாரி. கதவைத் திறந்தால் உள்ளே கண்ணாடியும் தானாக எரியும் சிறு விளக்கும் இருக்கின்றன. 1930களில் செய்தது என்கிறார் விற்பவர். இரண்டாவது, வளைத்த மரத்தில் பிரம்பு இருக்கை கொண்ட இரண்டு உயரமான ஸ்டூல்கள். இவை ‘தோனெட்’ நிறுவனம் செய்தவை என்கிறார்கள். மூன்றாவது, சிவப்பும் நீலமும் கலந்த ஒரு கம்பளம். அதன் மூலையில் அரபு எண்களில் ஆண்டு நெய்யப்பட்டிருப்பதைக் காட்டி, இருநூறு ஆண்டுப் பழையது என்கிறார்கள்.

மூன்றையும் ஒரே இடத்தில், அதாவது ஸ்டூல்களுக்குக் கீழே கம்பளத்தை விரித்து வைப்பதே எங்கள் திட்டம். வாங்கும் முன் நிதானமாக ஒருமுறை பார்த்துக்கொள்ள விற்பவர்கள் இசைந்திருக்கிறார்கள். எங்கே கண் வைக்க வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று பழகியவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதிவு 2 · இழைப்புளி

வணக்கம். பழைய மரச்சாமான்களைப் பழுதுபார்ப்பது எனக்கு இருபத்தைந்து ஆண்டுத் தொழில். அந்த அனுபவத்தில் முதலில் சொல்ல விரும்புவது, பொருளின் முகத்தைப் பார்த்து மயங்காமல் அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள் என்பதே. முகத்துக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் மெருகு ஏற்றியிருக்கலாம். முதுகையும் அடிவயிற்றையும் இழுப்பறையின் உட்புறத்தையும் பொதுவாக யாரும் தொடுவதில்லை. கையில் ஒரு டார்ச் விளக்கும் சிறு காந்தமும் எடுத்துச் செல்லுங்கள்.

அலமாரியைப் பற்றி முதலில் சொல்கிறேன். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடப்பில் இருந்தது. அது நீங்கிய காலத்திலும், அதே ஆண்டுகளில் ஐரோப்பாவிலும், வீட்டிலேயே காக்டெய்ல் கலப்பது நாகரிகமாகி, உங்கள் அலமாரியைப் போன்றவை தொழிற்சாலைகளில் ஏராளமாகச் செய்யப்பட்டன. ஆகவே இழுப்பறை மூலைகளின் பல்லிணைப்பு இயந்திரம் வெட்டியதுபோல் ஒரே அளவாக இருந்தால் அது குற்றமில்லை. பின்பலகை பிளைவுட்டாக இருந்தாலும் குற்றமில்லை. இரண்டும் அந்தக் காலத்துக்கு உரியவையே. ஆனால் மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகை எங்காவது தென்பட்டால் ஐயப்படுங்கள். அது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே மரச்சாமானில் பரவியது. திருகாணிகளையும் பாருங்கள். நட்சத்திரப் பள்ளம் கொண்ட பிலிப்ஸ் திருகாணி 1930களின் நடுவில்தான் பிறந்தது. வீட்டு மரச்சாமானில் அது பரவலாக நுழைந்தது போருக்குப் பின்னரே. ஒரு கீலில் மட்டும் அது இருந்தால் பிற்காலப் பழுதுபார்ப்பு என்று கொள்ளலாம். எல்லா இடங்களிலும் அதுவே இருந்தால் விற்பவர் சொல்லும் வயது நிற்காது.

அடுத்து உளுத்த மரம். மரச்சாமானைத் தின்னும் வண்டு, புழுப்பருவத்தில் மரத்துக்குள் ஆண்டுக்கணக்கில் சுரங்கம் அரித்து, கடைசியில் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டத் துளை போட்டு வெளியே பறந்துவிடும். துளையின் உள்விளிம்பு வெளிறியும், கீழே மாவு போன்ற தூள் உதிர்ந்தும் இருந்தால் உள்ளே இன்னும் உயிர் இருக்கிறது என்று பொருள். துளைகள் கறுத்து, தூள் இல்லாமல் இருந்தால் பழைய கதை. இன்னொரு நுட்பமும் உண்டு. வண்டு மேற்பரப்பைத் துளைத்து வெளியேறுமே தவிர, மேற்பரப்பை ஒட்டி வாய்க்கால் போல அரித்துக்கொண்டு போகாது. ஆகவே வெளிப்புறத்தில் நீளவாக்கில் பாதி திறந்த சுரங்கங்கள் தெரிந்தால், ஏற்கெனவே உளுத்துப்போன பழைய கட்டையைப் பிற்காலத்தில் அறுத்து, இந்தப் பொருளைச் செய்திருக்கிறார்கள் என்று அறியலாம். பழைய மரத்தில் செய்த புதிய பொருள் இப்படித்தான் பெரும்பாலும் பிடிபடுகிறது.

ஆனால் பார் அலமாரிக்கு வயதைவிட முக்கியமானது மெருகு. பழைய மெருகு பெரும்பாலும் அரக்கைச் சாராயத்தில் (ஸ்பிரிட்டில்) கரைத்துப் பூசியது. பிரெஞ்சு பாலிஷ் என்று நாம் சொல்வது அதைத்தான். எதில் கரைந்ததோ அதிலேயே மீண்டும் கரையும். நாற்பது விழுக்காடு ஆல்கஹால் உள்ள விஸ்கி ஒரு சொட்டு சிந்தி, அரைமணி நேரம் துடைக்காமல் விட்டால் மெருகு இளகிவிடும். 1920களிலிருந்து நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் என்ற மெருகும் புழக்கத்துக்கு வந்தது. அது சாராயத்துக்கு ஓரளவு தாக்குப்பிடிக்கும். விற்பவரிடம் இசைவு பெற்று, கதவின் அடிவிளிம்பு போன்ற மறைவான இடத்தில், பஞ்சில் ஒரு சொட்டுச் சாராயம் தொட்டு வைத்துப் பாருங்கள். சில வினாடிகளில் பிசுபிசுத்தால் அது அரக்கு.

கடைசியாக, அந்த விளக்கு. அக்காலக் கம்பிகளின் ரப்பர் உறை இன்று காய்ந்து, தொட்டால் உதிரும் நிலையில் இருக்கும். கடையில் எரிந்து காட்டினாலும், முழுவதையும் மாற்றாமல் உங்கள் வீட்டு மின்சாரத்தில் இணைக்காதீர்கள்.

பதிவு 3 · பழஞ்சாவி

மிக்க நன்றி ஐயா. மேல்தட்டில் டம்ளர் வைத்த அடையாளமாக இரண்டு வளையங்கள் இருக்கின்றன: ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. இரண்டும் எளிதில் போய்விடும் என்கிறார் விற்பவர். அது சரிதானா?

பதிவு 4 · இழைப்புளி

பாதி சரி. வெள்ளை வளையம் என்பது மெருகுக்குள் ஈரம் புகுந்ததன் அடையாளம். மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. சாராயத்தை லேசாகத் தொட்ட மென்துணியால் பக்குவமாக ஒருமுறை வருடினாலே பெரும்பாலும் போய்விடும். கறுப்பு வளையம் அப்படியல்ல. நீர் மெருகைக் கடந்து மரத்தைத் தொட்டு, மரத்தின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து மை போல் ஊறியிருக்கிறது. அதை நீக்க அந்த இடத்தில் மெருகை எடுத்துவிட்டு ஆக்சாலிக் அமிலம் வைத்து வெளுக்க வேண்டும். அது பழகிய கை செய்ய வேண்டிய வேலை. எக்காரணம் கொண்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். இயந்திரத்தில் சீவிய அந்த வெனீர் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, தேய்க்கத் தேய்க்க அடியில் இருக்கும் பலகை வெளியே வந்துவிடும்.

பதிவு 5 · தறிமேடை

பழஞ்சாவிக்கு வணக்கம். நான் கம்பளங்களைத் துவைத்துப் பழுது நெய்பவள். இழைப்புளி ஐயா மரத்துக்குச் சொன்னதையே நான் கம்பளத்துக்கும் சொல்வேன்: முதலில் புரட்டிப் போடுங்கள்.

கையால் முடிச்சிட்ட கம்பளத்தின் முதுகில், முகத்தில் உள்ள கோலம் ஏறக்குறைய அதே தெளிவோடு தெரியும். முடிச்சுகள் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தனித்தனியே புலப்படும்; வரிசைகள் சிறிது நெளிந்திருக்கும். முதுகில் துணி ஒட்டி மறைத்திருந்தால், அது துப்பாக்கி போன்ற கருவியால் இழையைக் குத்தி ரப்பர் பசையில் நிறுத்தியது. பழமைக்கும் அதற்கும் தொடர்பில்லை. குஞ்சத்தையும் பாருங்கள். உண்மையான கம்பளத்தில் குஞ்சம் என்பது நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் நுனி, அதாவது கம்பளத்தின் எலும்பே வெளியே நீண்டிருப்பது. ஓரத்தில் தனியாகத் தைத்திருந்தால், ஒன்று இயந்திரக் கம்பளம், அல்லது தேய்ந்துபோன நுனியை மறைத்த பழுது. இரண்டில் எது என்பதை முதுகு சொல்லிவிடும்.

பிறகு நூலைப் பாருங்கள். பாவும், குறுக்கே ஓடும் ஊடையும் கம்பளியா, பருத்தியா? பாரசீக நகரப் பட்டறைகளில் பருத்திப் பாவு வழக்கம். நாடோடிகளும், காக்கசஸ் மலைப்பகுதி, துருக்கியின் அனத்தோலியா ஆகியவற்றின் ஊர்ப்புற நெசவாளர்களும் கம்பளிப் பாவைப் பெரிதும் பயன்படுத்தினார்கள். முடிச்சு இருவகை: இரண்டு பாவு நூல்களையும் சமமாகச் சுற்றும் துருக்கி முடிச்சு, ஒன்றை முழுதாகவும் மற்றதைப் பாதியாகவும் சுற்றும் பாரசீக முடிச்சு. முகத்தை விரலால் பிரித்து அடி வரை பாருங்கள். இழையின் நுனி மங்கியும் அடி பளிச்சென்றும் இருந்தால், வெயிலில் நிற்காத பழைய செயற்கைச் சாயம். நுனி முதல் அடி வரை நிறம் படிப்படியாக மென்மையாக இறங்கினால் நல்ல அறிகுறி. கறுப்பும் கரும்பழுப்பும் உள்ள இடங்கள் மட்டும் மற்ற நிறங்களைவிடத் தாழ்ந்து, கையால் தடவினால் பள்ளமாகத் தட்டுப்படுகின்றனவா என்றும் பாருங்கள். இரும்புச் சத்து ஏற்றிச் சாயமிட்ட கம்பளி காலப்போக்கில் தன்னைத்தானே அரித்துக்கொள்ளும். அந்தப் பள்ளத்தைக் கத்தரியால் வெட்டிப் போலி செய்பவர்கள் உண்டு; ஆனால் வெட்டிய நுனி மழுங்கியிருக்கும், அரித்த நுனி கூர்ந்து மெலிந்திருக்கும்.

ஈரமான வெள்ளைத் துணியை நிறம் அடர்ந்த இடத்தில் ஒரு நிமிடம் அழுத்தி எடுங்கள். நிறம் ஒட்டினால் சாயம் இறங்குகிறது, அல்லது தேய்ந்த இடங்களுக்கு மை பூசியிருக்கிறார்கள். பார் பக்கத்தில் விரிக்கப் போகும் கம்பளத்துக்கு இது மிகப் பெரிய குறை. பிறகு ஒரு மூலையை உங்கள் காதருகே மெதுவாக மடக்குங்கள். காய்ந்த சருகு முறிவதுபோல் சத்தம் கேட்டால் உள்நூல் இற்றுப்போயிருக்கிறது. அதை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இற்ற பாவைத் திரும்ப உயிர்ப்பிக்க எந்தக் கையாலும் முடியாது.

ஆண்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நெய்த எண் இஸ்லாமிய நாட்காட்டியின் ஹிஜ்ரி ஆண்டு. அது சந்திர ஆண்டு என்பதால் நம் கணக்கைவிட ஆண்டுக்குச் சுமார் பதினொரு நாள் குறைவு. எண்ணை 0.97 ஆல் பெருக்கி 622 ஐக் கூட்டினால் ஏறக்குறையப் பொது ஆண்டு கிடைக்கும். உங்கள் கம்பளத்தில் என்ன எண் இருக்கிறது?

பதிவு 6 · பழஞ்சாவி

விற்பவர் 1229 என்று படித்துக் காட்டினார் அம்மா. நீங்கள் சொன்ன கணக்கில் 1814 வருகிறது.

பதிவு 7 · நீலஅவுரி

தறிமேடை அம்மாவின் அறிவுரையில் ஒரே ஒரு இடத்தில் மாறுபட விரும்புகிறேன். செயற்கைச் சாயம் என்றாலே ஒதுக்க வேண்டும் என்ற எண்ணம் படிப்பவர்களுக்கு வந்துவிடக் கூடாது. ஆங்கில வேதியியலாளர் பெர்கின் 1856இல் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார்; அதையடுத்த ஆண்டுகளில் வந்த மஜந்தா போன்ற முதல் தலைமுறைச் சாயங்கள் உண்மையில் மோசமாக வெளிறின. ஆனால் 1868இல் மஞ்சிட்டி வேரின் சிவப்பையே ஆய்வுக்கூடத்தில் ஆக்கினார்கள். 1897இல் செயற்கை அவுரி விற்பனைக்கு வந்தது. இவை இயற்கைச் சாயத்தின் அதே வேதிப்பொருள்கள், அதே உறுதி கொண்டவை. இருபதாம் நூற்றாண்டில் பரவிய குரோம் சாயங்கள் வெயிலுக்கும் நீருக்கும் நன்றாகவே நிற்கின்றன. ஒரு மலையூர்ப் பெண் தன் கம்பளத்தில், அன்று புதிதாகக் கிடைத்த ஒரு மஜந்தா நூலை ஆசையாக ஒரு பூவில் மட்டும் வைத்திருந்தால், அந்தப் பூ வெளிறியிருப்பதே அக்கம்பளத்தின் காலத்தைச் சொல்லும் நேர்மையான சான்று. நான் அத்தகைய ஒன்றைத்தான் இருபது ஆண்டுகளாக வீட்டில் வைத்திருக்கிறேன். அதைவிட மனத்துக்கு நெருக்கமான பொருள் எங்கள் வீட்டில் இல்லை.

முடிச்சு எண்ணிக்கையைக் காட்டிப் பெருமை பேசுவோரிடமும் கவனமாக இருங்கள். சதுர அங்குலத்துக்கு இத்தனை முடிச்சு என்பது நுண்மையைச் சொல்லுமே தவிர அழகையோ உழைப்பின் தரத்தையோ சொல்லாது. காக்கசஸ் பகுதியின் தடித்த கம்பளங்களில் முடிச்சு குறைவு. ஆனால் அந்தக் கம்பளியின் பளபளப்பும் கோலத்தின் துணிவும் நுண்ணிய பட்டறைக் கம்பளம் பலவற்றில் கிடைக்காதவை.

பதிவு 8 · தறிமேடை

நீலஅவுரி சொல்வது சரி. நான் சுருக்கிச் சொன்னதால் அந்தப் பொருள் வந்துவிட்டது. வெளிறுவது குறையா அழகா என்பது பார்ப்பவர் விருப்பம். நிறம் இறங்குவது மட்டும் எல்லார்க்கும் குறையே.

பழஞ்சாவி, 1229 என்ற எண் எனக்கு ஐயத்தைத் தருகிறது. அரபு எண்களில் இரண்டுக்குத் (٢) தலையில் ஒரு வளைவு, மூன்றுக்கு (٣) இரண்டு வளைவு. மற்றபடி உடல் ஒன்றே. ஹிஜ்ரி 1300களில் நெய்த கம்பளத்தில் மூன்றின் ஒரு வளைவைச் சேர்ந்த சில முடிச்சுகளைப் பிடுங்கி, அங்கே பின்னணி நிறத்தில் வேறு முடிச்சு இட்டால் அது 1200 ஆகிவிடும். கம்பளத்துக்கு ஒரே நாளில் நூறு ஆண்டு கூடிவிடும். இது இத்தொழிலில் நெடுநாளாக நடக்கும் வேலை. உங்கள் எண்ணில் நல்வாய்ப்பாக அடுத்தடுத்து இரண்டு ‘2’ இருக்கின்றன. இரண்டையும் அருகருகே ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு முதுகுப்புறத்தில் அதே இடத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள்.

பதிவு 9 · கூடத்துவிளக்கு

வீட்டு உள் அமைப்பு என் தொழில் என்பதால், இதுவரை யாரும் தொடாத கேள்விக்கு வருகிறேன். ஸ்டூல்களுக்குக் கீழே பழைய கம்பளத்தை விரிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பார் ஸ்டூலில் அமர்ந்தவர் ஒரு மாலையில் பத்து முறையாவது அதை முன்னும் பின்னும் இழுப்பார். ஆளின் முழு எடையும் நான்கு சிறு கால்முனைகளில் இறங்கி, ஒரே இடத்தில் முடிச்சுகளை அறுக்கும். மது சிந்துவதும் அங்கேதான். மேலும் கம்பளத்தின் விளிம்பில் ஒரு கால் ஏறி நின்றால் உயரமான ஸ்டூல் ஆடும். விழுந்தால் காயம் நிச்சயம். ஸ்டூல்களை வெறுந்தரையில் நிறுத்துங்கள். கம்பளத்தை அதிலிருந்து விலக்கி, தாழ்ந்த நாற்காலிகள் போட்டு உட்காரும் இடத்தில், நாற்காலிகளின் முன்கால்கள் மட்டும் அதன்மேல் இருக்குமாறு விரியுங்கள். அடியில் கம்பளத்தைவிடச் சற்றுச் சிறிதாக வெட்டிய, கம்பளியை அழுத்திச் செய்த நமுதா விரிப்பு அவசியம். பாருக்குக் கீழே ஏதாவது வேண்டும் என்று தோன்றினால், ஜமக்காளத்தைப் போலத் தட்டையாக நெய்த, பழமை மதிப்பு அதிகம் இல்லாத ஒரு கிலிம் போதும். கறை பட்டாலும் மனம் வருந்தாது.

உயரத்தை அளந்துவிட்டுத்தான் ஸ்டூலை வாங்க வேண்டும். பார் கவுண்டரின் வழக்கமான உயரம் சுமார் 105 சென்டிமீட்டர். அதற்கு 75 சென்டிமீட்டர் உயர இருக்கை பொருந்தும். சமையலறை மேடை போன்ற 90 சென்டிமீட்டர் மேடைக்கு 60 முதல் 65 வேண்டும். இருக்கைக்கும் மேடைக்கும் இடையே 25 முதல் 30 சென்டிமீட்டர் இல்லாவிட்டால் தொடை இடிக்கும். பழைய ஸ்டூல்களை யாரோ தங்கள் மேடைக்கேற்பக் காலை அறுத்திருப்பது மிகச் சாதாரணம். கால்முனை நூறாண்டுத் தேய்மானத்தில் உருண்டு கறுத்திருக்கிறதா, அல்லது அறுத்த முகம் வெளிறித் தெரிகிறதா என்று பாருங்கள். பாதம் ஊன்றும் கம்பையும் பாருங்கள். முன்பக்கக் கம்பின் நடுப்பகுதிதான் தேயும். நான்கு பக்கமும் ஒரேபோல் தேய்ந்திருந்தால் அது யாரோ அரத்தால் செய்தது.

பதிவு 10 · இழைப்புளி

ஸ்டூல்களைப் பற்றி நான் சொல்ல மறந்ததைச் சேர்க்கிறேன். வளைத்த மரம் என்றாலே தோனெட் அல்ல. மிகாயில் தோனெட்டின் 14ஆம் எண் நாற்காலி 1859இல் வந்தது. ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு மரைகள், அவ்வளவுதான் அதன் உடல். பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர்ப் பெட்டிக்குள் முப்பத்தாறு நாற்காலிகள் அடங்கும் என்பதாலேயே அது உலகெங்கும் காபிக் கடைகளை நிறைத்தது. 1869இல் காப்புரிமை முடிந்தபின் யாகோப் & யோசெஃப் கோன் உள்ளிட்ட பல நிறுவனங்கள் அதே முறையில் செய்யத் தொடங்கின. ஆகவே பெயரை நம்பாமல், இருக்கை வளையத்தின் உட்புறத்தில் தாள் முத்திரையோ சூடிட்ட எழுத்தோ இருக்கிறதா என்று தேடுங்கள். முத்திரை இல்லையென்றால் ‘வளைமர ஸ்டூல்’ என்றே மதிப்பிட்டு வாங்குங்கள். உட்காருவதற்கு அதில் எந்தக் குறையும் இல்லை. வளைவின் வெளிப்புறத்தில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்பதே அதைவிட முக்கியமான கேள்வி. பிரம்பு இருக்கையைக் கையால் அழுத்தி, நறநறவென்று முறியும் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வளையத்தைச் சுற்றித் துளைகள் இருந்தால் கையால் பின்னியது. துளையில்லாமல் பள்ளத்தில் செருகியிருந்தால் ஆலையில் பின்னிய பிரம்புத் தாள்.

பதிவு 11 · மூன்றாம்மாடி

என் கருத்து வேறு. பயன்படுத்தப்போகும் பொருளுக்கு அரக்கு மெருகைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதில் பொருளில்லை. முழுவதையும் எடுத்துவிட்டுப் பாலியூரிதேன் பூசினால் எது சிந்தினாலும் கவலையில்லை. எங்கள் அலமாரிக்கு அப்படித்தான் செய்தோம். எட்டு ஆண்டுகளாக ஒரு கறையும் இல்லை.

பதிவு 12 · இழைப்புளி

உங்கள் அலமாரி உங்களுக்கு நன்றாக உழைப்பதில் மகிழ்ச்சி நண்பரே. ஆனால் நான் அந்த வேலையைச் செய்து தர மறுத்துவருகிறேன், காரணம் இதுதான். அரக்கு மெருகு கெட்டால், கெட்ட இடத்தில் மட்டும் புதிதாக ஏற்றலாம். பழையதும் புதியதும் ஒன்றில் ஒன்று கரைந்து இணைந்துவிடும். பாலியூரிதேன் ஒருமுறை உரிந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடியாது. முழுவதையும் சுரண்ட வேண்டும். அந்த மெல்லிய வெனீர் எத்தனை சுரண்டலைத் தாங்கும்? இளம் வயதில் ஓர் அலமாரிக்கு நானே அப்படிச் செய்து, மூலையில் வெனீரைக் கிழித்துவிட்டேன். அந்தக் கிழிசலை நிரப்ப அதே வயதுடைய வால்நட் துண்டைத் தேடி ஏழு மாதம் அலைந்தேன்.

கலக்கும் இடத்துக்குப் பொருத்தமாக ஒரு கண்ணாடித் தகடு வெட்டி, அடியில் சிறு ஃபெல்ட் பொட்டுகள் ஒட்டி வைத்தால் போதும். அல்லது விளிம்பு உயர்ந்த பித்தளைத் தட்டு. பல பழைய அலமாரிகளில், கலக்கும் தட்டிலேயே கண்ணாடி பதித்திருப்பதைக் காணலாம். செய்தவர்களுக்கே இந்தச் சிக்கல் தெரிந்திருந்தது.

இதோடு தொடர்புடைய எச்சரிக்கை ஒன்று. அலமாரியோடு சேர்த்துப் பழைய வெட்டுக்கண்ணாடிக் குடுவைகளைத் தருவார்கள். அவை பெரும்பாலும் ஈயப் படிகக் கண்ணாடி. அதில் மதுவைச் சேமித்து வைத்தால் ஈயம் சிறிது சிறிதாக மதுவில் இறங்கும். ஒரு மாலைக்கு ஊற்றிப் பரிமாறலாம். வாரக்கணக்கில் மூடி வைக்கக் கூடாது.

பதிவு 13 · நீலஅவுரி

பழுதுபார்ப்பைப் பற்றி மூன்றாம்மாடி எழுப்பிய கேள்வி கம்பளத்துக்கும் பொருந்தும் என்பதால் இதைச் சொல்கிறேன். இலண்டன் விக்டோரியா – ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள அர்தபில் என்ற பாரசீகக் கம்பளத்தில் ஹிஜ்ரி 946 என்ற ஆண்டு நெய்யப்பட்டிருக்கிறது. பொது ஆண்டில் 1539–40. அருங்காட்சியகம் அதை 1893இல் வாங்கியது. அது இன்று முழுமையாகத் தோன்றுவதற்குக் காரணம், அதன் இணைக் கம்பளத்திலிருந்து துண்டுகளை எடுத்து இதன் சேதத்தை நிரப்பியதுதான். கரையை இழந்து சிறுத்த அந்த இணை இன்று லாஸ் ஏஞ்சலஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உலகின் மிகப் புகழ்பெற்ற கம்பளமே பழுது பார்த்ததுதான். அந்தப் பழுதை இன்று அருங்காட்சியகம் மறைக்காமல் சொல்கிறது என்பதே இதில் கவனிக்க வேண்டியது. விற்பவரிடம் ‘பழுது உண்டா?’ என்று கேட்காமல் ‘பழுது எங்கே?’ என்று கேளுங்கள்.

அக்கம்பளத்தின் நிறத்தைக் காக்க, அருங்காட்சியகம் ஒவ்வொரு அரைமணி நேரத்திலும் பத்து நிமிடம் மட்டுமே அதன்மேல் விளக்கேற்றுகிறது. வீட்டில் அது இயலாது. ஆனால் சன்னல் வெயில் நேரே விழும் இடத்தைத் தவிர்க்கலாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பளத்தை அரைவட்டம் சுழற்றிப் போடலாம்.

பதிவு 14 · பழஞ்சாவி

மூன்று பொருள்களையும் பார்த்து வந்துவிட்டேன். ஒவ்வொருவரும் சொன்னது அப்படியே கைகொடுத்தது.

அலமாரியின் திருகாணிகள் எல்லாம் ஒற்றைப் பள்ளம் கொண்டவை. இடது கதவின் கீழ்க்கீலில் மட்டும் பிலிப்ஸ். அந்தக் கீலின் ஓரத்தில், முன்பிருந்த பெரிய கீலின் நிழல் மரத்தில் படிந்திருந்தது. அடிவிளிம்பில் வைத்த சாராயப் பஞ்சு இருபது வினாடியில் ஒட்டிக்கொண்டது: அரக்கு. விளக்குக் கம்பியை விரலால் தொட்டவுடன் உறை பொடியாக உதிர்ந்தது. அலமாரியை வாங்கிவிட்டோம். ஸ்டூல்களில் முத்திரை எதுவும் இல்லை, ஒன்றின் கால்கள் அறுக்கப்பட்டு மற்றதைவிட இரண்டு சென்டிமீட்டர் குட்டையாக இருந்தது. அவற்றை விட்டுவிட்டோம்.

கம்பளத்தின் கதை நீளமானது. எண்களைச் சன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது, இரண்டு ‘2’களும் ஒன்றுபோல் இல்லை. வலப்புறத்தது குறுகலாக, தலை நன்கு வளைந்து இருந்தது. இடப்புறத்தது தேவைக்கு மேல் அகலமாக, தலையின் ஒரு பக்கம் திடீரென நின்றுவிட்டதுபோல் இருந்தது. முதுகில் பூதக்கண்ணாடி வைத்தபோது, அந்த இடத்தில் ஏழு முடிச்சுகள் மட்டும் சுற்றியிருந்த நீலத்தைவிட ஒரு சாயல் பளிச்சென்று, சற்றுத் தடித்த நூலில் தெரிந்தன. எண்ணி எண்ணிப் பார்த்தேன், ஏழுதான். விற்பவரை அழைத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியை வாங்கி நீண்ட நேரம் பார்த்தார். அவருக்கும் தெரிந்திருக்கவில்லை என்பதை அவர் முகமே சொன்னது. ஆக, எண் 1329. கணக்கில் 1911 வருகிறது. ஆனால் ஈரானில் சூரிய ஹிஜ்ரி ஆண்டு வழக்கில் உண்டு என்று எங்கோ படித்த நினைவு. அப்படியானால் அது 1950 ஆகிவிடுமே? பாவும் ஊடையும் கம்பளி, முடிச்சு துருக்கி வகை. முதுகில் ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரே நிறத்தில் இரண்டு புடைப்புகள் தெரிகின்றன. கோலம் பெரிய கோண வடிவப் பதக்கங்கள்.

பதிவு 15 · தறிமேடை

மிகச் சரியான கேள்வி. ஈரான் 1925இல் சூரிய ஆண்டை அரசு நாட்காட்டியாக ஏற்றது. அதன்பின் அங்கே நெய்தவற்றில் 621ஐக் கூட்டிப் பார்க்க வேண்டிய எண்களும் உண்டு. ஆனால் நீங்கள் சொல்லும் கம்பளிப் பாவு, துருக்கி முடிச்சு, கோணப் பதக்கங்கள் மூன்றும் சேர்ந்து காக்கசஸ் பகுதியைக் காட்டுகின்றன. அங்கே இந்த எண்கள் சந்திர ஆண்டையே குறிக்கும். கரும்பழுப்பு தாழ்ந்திருக்கிறதா, ஈரத்துணியில் நிறம் ஒட்டியதா என்பதையும் எழுதுங்கள். அவையும் இசைந்தால் 1911 என்று மன அமைதியோடு ஏற்கலாம். நூறு ஆண்டைக் கடந்த கம்பளத்தையே இத்தொழிலில் தொன்மைக் கம்பளம் என்போம். ஆகவே போலி எண் நீங்கிய பிறகும் அது தொன்மைக் கம்பளமே.

பதிவு 16 · பழஞ்சாவி

கரும்பழுப்புக் கோடுகள் எல்லாம் விரலுக்குப் பள்ளமாகத் தட்டுப்படுகின்றன. துணியில் நிறம் ஒட்டவில்லை. மடக்கிக் கேட்டதில் சத்தமும் இல்லை. 1911 என்றே எழுதி, ஏழு முடிச்சுகளையும் குறிப்பிட்டு, அதற்கேற்ற விலையில் விற்பவர் சீட்டு தந்தார். கம்பளத்தை வாங்கிவிட்டோம். கூடத்துவிளக்கு சொன்னபடி, பாரிலிருந்து விலக்கி உட்காரும் இடத்தில்தான் விரிக்கப் போகிறோம். அந்த ஏழு முடிச்சுகளைப் பிடுங்கி மூன்றாக மாற்றிவிடலாமா என்று மனைவி கேட்கிறார்.

பதிவு 17 · தறிமேடை

மாற்ற வேண்டாம் என்பேன். அதுவும் அக்கம்பளத்தின் வாழ்வில் நடந்ததே. சீட்டில் எழுதியிருப்பது போதும்.

ஆனால் விரிக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. முதுகிலும் மடிப்புகளிலும் மணல் போன்ற பொடியோ, பட்டுக்கூடு போன்ற வெண்ணிறக் குழாய்களோ இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்துப்பூச்சியின் புழு விட்டுச்செல்பவை அவை. இருக்கும் ஐயம் தோன்றினால், பாலித்தீனில் காற்றுப் புகாமல் சுற்றி, மைனஸ் 18 டிகிரிக் குளிர்பெட்டியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் உறையைப் பிரிக்காமல் ஒரு நாள் அப்படியே விடுங்கள். இல்லையென்றால் கம்பளியில் ஈரம் வியர்க்கும். தூசி உறிஞ்சும்போது சுழலும் தூரிகையை அணைத்துவிட்டு, இழை சாயும் திசையிலேயே இழுங்கள், குஞ்சத்தை விட்டு ஒரு சாண் தள்ளியே நில்லுங்கள். எப்போதாவது சிவப்பு ஒயின் சிந்திவிட்டால் தேய்க்காமல், உப்பு போடாமல், வெள்ளைத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்து, குளிர்ந்த நீர் தொட்ட துணியால் மீண்டும் ஒற்றுங்கள். கறை மீந்தால் அத்தோடு நிறுத்திவிட்டு, கம்பளம் துவைப்பவரிடம் அன்றே கொடுத்துவிடுங்கள்.